தேசம்மாள் குடித்த கொரியாப் பானகம்

அக்கினி நட்சத்திரம் பிறந்த மறுநாள் உச்சி வெயிலில், தும்பைவாக்கத்துத் தேசம்மாள், தன் வீட்டு மாடியில் குடியிருந்த கொரியாக்காரம்மா நீட்டிய சிவப்புப் பானகத்தைத் தன் சொம்பில் ஊற்றி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தாள். அன்று சாயங்காலத்திலிருந்து அவள் உடம்பிலிருந்து குளிர் வீச ஆரம்பித்தது. ஊரில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. கம்பு விளைந்த மேட்டில் கம்பெனி முளைத்ததையும், கம்பெனிக்குப் பின்னாலேயே கொரியா தேசம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியதையும், நேற்றுவரை மாடு மேய்த்தவன் இன்று காருக்குக் கண்ணாடி மாட்டுவதையும் பார்த்துப் பழகிய ஊர் அது. ஒரு பொம்பளையிடமிருந்து குளிர் வருவது அவர்களுக்குப் பெரிய சங்கதியாகப் படவில்லை. போயும் போயும் தேசம்மாளிடமிருந்து வருகிறதே என்பதுதான் சங்கடமாக இருந்தது.

ஏனென்றால் தேசம்மாளின் வாய் அப்படி. அவள் வாய்க்குப் பயந்து கீரைக்காரி அந்தத் தெருவில் மட்டும் கூவாமல் நடந்தாள், தபால்காரர் அவளுக்கு வந்ததைப் பக்கத்து வீட்டுத் தையல்காரி கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டுத் தப்பித்தார், அவள் வைத்த சோற்றைத் தின்ற நாய்கூட வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு ஓட்டம் பிடித்தது. கணவர் வேதாசலம் அவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்து, கடைசியில் இரண்டு காதும் மந்தமாகி, முகத்தில் ஒரு நிம்மதியோடு போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருந்தது மகன் முனிரத்தினமும் மருமகள் மேகலாவும்.

மேகலா செல்போனுக்கு உள்ளே வைக்கிற பொடிப் பொடிச் சாமான்களைச் செய்கிற கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்த்தாள். விடிந்து ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் அவளை இறக்கிவிடும். குளித்துவிட்டுப் படுத்தால் பகலெல்லாம் தூங்கியாக வேண்டும். சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது வீட்டுக்கு வந்த மருமகள் பாயில் கிடப்பதைத் தேசம்மாளால் பொறுக்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்து பகலில் படுப்பவர்கள் இரண்டே பேர்தான், ஒன்று நோயாளி, இன்னொன்று மூதேவி. அதனால் அவள் பாத்திரங்களை உருட்டினாள், வெறும் மிக்சியை ஓடவிட்டாள், வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்குள் கேட்கும்படி தெருவோடு பேசினாள். ஒருநாள், "வெளக்கு வைக்கிற ஊட்டுல பொணம் மாதிரி கெடக்குறா" என்று அவள் சொன்னபோது, மேகலா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எழுந்து பாயைச் சுருட்டினாள். முனிரத்தினம் இரண்டு தெரு தள்ளி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தான். ஒரு வருஷம் ஆயிற்று, யாரும் யாரோடும் பேசவில்லை.

"சனியன் தொலைஞ்சுது" என்றுதான் தேசம்மாள் ஊருக்குச் சொன்னாள். ஆனால் தினமும் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டால் அவள் கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும். அந்தப் பெண் திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை கிடையாது. வா என்று கூப்பிடுவதற்கு மட்டும், அவ்வளவு பெரிய வாயில் ஒரு வார்த்தை இல்லை.

மாடியில் இருந்த போக்சூன் அம்மாளுக்கு வயது அறுபதுக்குப் பக்கம். கொரியா இன்ஜினியர்கள் தங்கியிருந்த விடுதியில் சமையல் பார்த்தாள். தமிழைக் காய்கறிச் சந்தையில் கற்றுக்கொண்டதால், அவளுக்கு 'நீங்க' என்று ஒரு வார்த்தை இருப்பதே தெரியாது. வார்டு மெம்பரையும் வாத்தியாரையும் "நீ வா, நீ குந்து" என்றுதான் அழைப்பாள், அவர்களும் வருவார்கள். கோடை வந்தால் அவள் ஊரிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்து, மணத்தக்காளி வற்றலைவிடக் கொஞ்சம் பெரிதாக, சிவந்து சுருங்கிக் கிடக்கும் ஓமிஜா என்கிற காய்ந்த பழங்களை அலசி, பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போடுவாள். அடுப்பில் ஏற்றவே கூடாது, சூடு பட்டால் பழம் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பாள். காலையில் தண்ணீர் குங்குமத்தைக் கரைத்தது போல் நிற்கும். வடிகட்டி, தேன் விட்டு, பேரிக்காயைப் பூப்பூவாக நறுக்கி மிதக்கவிட்டு, ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்தால், ஒரே மடக்கில் இனிப்பும் புளிப்பும் உப்பும் கசப்பும் காரமும் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கில் வந்து உட்காரும்.

"அஞ்சுதானா? எங்க ஊர்ல ஆறு" என்று தேசம்மாள் முன்பே ஒரு தடவை குத்தலாகச் சொல்லியிருக்கிறாள்.

"நீ மொதல்ல அஞ்சு குடி. அப்புறம் ஆறு பேசு" என்றாள் போக்சூன்.

அந்த உச்சி வெயில் நாளில் தேசம்மாள் ரேஷன் கடையில் சண்டை போட்டுவிட்டு, மண்டை கொதிக்க வீட்டுக்கு வந்தாள். போக்சூன் கண்ணாடிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சின்ன ஸ்பூன் ஒன்றையும் போட்டு, மெதுவாக உறிஞ்சிக் குடிக்கும்படி நீட்டினாள். தேசம்மாள் பிறந்ததிலிருந்து எந்தப் பாத்திரத்திலும் வாய் வைத்துக் குடித்தவளில்லை. அப்படிக் குடிப்பது எச்சில். எச்சில் பண்ணுகிறவர்களைப் பற்றி அவளிடம் தனியாக ஒரு மணி நேரத்துக்குச் சரக்கு இருந்தது. கிண்ணத்தை வாங்கினாள், பேரிக்காய்ப் பூக்களை வழித்து எறிந்தாள், மிச்சத்தைச் சொம்பில் சாய்த்தாள், கழுத்தை அண்ணாந்து மடக் மடக்கென்று நேராகத் தொண்டைக்குள் இறக்கினாள். நாக்கில் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

"ஐயோ! ஐயோ! நீ என்ன பண்ற!" என்று போக்சூன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜில்லுனு கீது. ருசி ஒண்ணுத்தையும் காணோம்" என்றாள் தேசம்மாள்.

அன்று பொழுது சாய்ந்ததும், ஊரெல்லாம் கோழி சிறகை விரித்துக்கொண்டு மூச்சு வாங்கிக் கிடக்க, தேசம்மாள் வீட்டு அலமாரியில் தேங்காய் எண்ணெய் மார்கழி மாதத்தில் போல வெள்ளையாக உறைந்து நின்றது. உறை ஊற்றின பால் பாலாகவே இருந்தது. அரைத்து வைத்த இட்லி மாவு பொங்காமல் கல்லாகக் கிடந்தது. மறுநாள் காலை தெருநாய்கள் எல்லாம் அவள் வாசலில் வரிசையாகப் படுத்திருந்தன, அவள் திட்டத் திட்ட இன்னும் நெருங்கிப் படுத்தன. கஸ்தூரி மதில்மேல் எட்டிப் பார்த்து, கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து தேசம்மாள் வீட்டுக் கூடத்தில் போட்டாள். ஏன் எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. தேசம்மாள் தன் மாவுப் பாத்திரத்தை மட்டும் கஸ்தூரி வீட்டுக்கு அனுப்பினாள், அங்கே புளிக்கட்டும் என்று.

பிறகு ஊர் வந்தது. ஊர் என்றால் ஒரேயடியாக வரவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு வந்தது. ஒருத்தி கத்தரிக்காய் கடன் கேட்கிற சாக்கில் வந்து சாயங்காலம் வரை கத்தரிக்காயைக் கேட்காமலே உட்கார்ந்திருந்தாள். ஒருவர் வேதாசலத்தின் போட்டோவைப் பார்த்து நாளாயிற்று என்று வந்து, போட்டோவுக்கு எதிரே பாய் விரித்துப் படுத்துக் குறட்டை விட்டார். வியர்க்குரு வந்த குழந்தைகளை அவள் முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து போட்டார்கள். பூக்காரி கூடையை அவள் காலடியில் வைத்துவிட்டு, சாயங்காலம் மொட்டு மொட்டாக எடுத்துக்கொண்டு போனாள். வார்டு மெம்பர் தயாளன் தனக்கும் அந்த யோகம் வரட்டும் என்று போக்சூனிடம் கெஞ்சி ஒரு சொம்பு பானகம் வாங்கி, எல்லோர் முன்னாலும் அண்ணாந்து குடித்தார். அவருக்கு வந்தது விக்கல் மட்டும்தான்.

"உனக்கு ஆசை. அவளுக்கு கோபம்" என்று போக்சூன் அவருக்கு விளக்கினாள். "கோபத்து மேல ஊத்துனா குளிர் நிக்கும். மெதுவா குடிச்சா அஞ்சு ருசியும் நாக்குல எறங்கிப் போயிடும். அவ நேரா உள்ள அனுப்பிட்டா. அஞ்சும் உள்ள குந்திக்கினு இருக்கு."

அது உண்மைதான் என்று சீக்கிரமே தெரிந்தது. தேசம்மாள் சும்மா இருந்தால் மண்பானைத் தண்ணீர் அளவுக்குத்தான் குளிர்ச்சி. திட்ட ஆரம்பித்தால் ஜன்னல் கம்பியில் வேர்த்துச் சொட்டும். அதோடு இன்னொரு வேடிக்கை. அவள் திட்டும்போது பக்கத்தில் இருப்பவர்கள் நாக்கிலெல்லாம் ஒரு ருசி தட்டியது. ரேஷன் கடையைத் திட்டினால் உப்பு. கட்சிக்காரர்களைத் திட்டினால் காரம். கஸ்தூரியைத் திட்டினால் நல்ல புளிப்பு. சொத்தில் பங்கு தராத அண்ணன்மாரைத் திட்டினால் வேப்பெண்ணெய்க் கசப்பு. செத்துப்போன வேதாசலத்தை, தன்னை இப்படித் தனியாக விட்டுப் போன பாவி என்று அவள் ஏசியபோது மட்டும் கூடம் முழுக்க இனித்தது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயில் வருவது என்னவானாலும் மனசில் இருப்பதுதான் ருசியாக வருகிறது என்பது ஊருக்குப் புரிந்துவிட்டது. தேசம்மாளுக்கு மட்டும் அது தெரியாது, அவள் நாக்கில்தான் எதுவும் படவில்லையே. அவளிடம் சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை.

சொல்லாவிட்டால் என்ன, பிழைக்கத் தெரிந்த ஊர். பெண்கள் மத்தியானம் பழைய சோற்றுக் கிண்ணத்தோடு வந்து, "யக்கா, அந்தக் கஸ்தூரி உன் மாவுல ஒரு கரண்டி எடுத்துக்கினாளாமே" என்று மெல்லப் பற்றவைப்பார்கள். ஊறுகாய் இல்லாமலே சோறு இறங்கிவிடும். கஸ்தூரியும் இதற்கு உடந்தை. ரேஷன் கடைப் பேச்சு வந்தால் ரத்தக் கொதிப்புக்காரர்கள் எழுந்து வெளியே போவார்கள், வேதாசலம் பேச்சு வந்தால் சர்க்கரை வியாதிக்காரர்கள். ஆனால் வீடு நிறைய ஆளும் பேச்சுமாக இருந்ததில் தேசம்மாளுக்கே கோபம் குறைந்துகொண்டு வந்தது. ஒருநாள் யாரோ ஒரு குழந்தை அவள் மடியில் தூங்கிப்போனதும் கூடத்தில் புழுக்கம் ஏறியது. ஊர் மிரண்டுவிட்டது. அன்று ஏரிக்கரையில் கூடிப் பேசி, ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்து, ஒரு நாளைக்கு ஒருவர் தேசம்மாளுக்குக் கோபமூட்ட வேண்டும்.

அதன்பிறகு தும்பைவாக்கம் தன் கடமையைத் தவறவில்லை. ஒரு முறைக்காரர் தன் ஆட்டை அவளுடைய கருவேப்பிலைச் செடியில் மேயவிட்டார். இன்னொருத்தி அவள் போட்ட கோலத்தின் மேல் தண்ணீர் தூக்கிக்கொண்டு நடந்தாள். பள்ளிக்கூட வாத்தியார் வெகுநேரம் யோசித்துவிட்டு, அவள் வைத்த ரசத்தைக் குடித்து, "பரவாயில்லை" என்றார். அன்று மூன்று பேருக்கு ஜலதோஷம் பிடித்தது. தேசம்மாளுக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. அவள் முட்டாளா என்ன? ஆனாலும் அவளைத் தேடி இப்படி முறை போட்டுக்கொண்டு ஆள் வந்து எத்தனை காலமாயிற்று. அவளும் சளைக்காமல் திட்டினாள்.

அப்படி ஒரு நாள் காலை, கூட்டத்தோடு கூட்டமாக, மேகலா வந்தாள். கஸ்தூரிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பகல் தூக்கம் என்பது அடுப்பில் படுப்பதுதான். அந்தப் பெண் பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, கண்ணைச் சுற்றிக் கருத்துக் கிடந்தது, முந்தின ராத்திரி கம்பெனியில் நின்றபடியே தூங்கி மேஸ்திரியிடம் திட்டு வாங்கியிருந்தாள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் மூலையில், தையல் மிஷினுக்குப் பின்னால், துப்பட்டாவைத் தலைக்கு வைத்துச் சுருண்டு படுத்தாள். படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள்.

தேசம்மாள் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இவ்வளவு இளைத்துவிட்டாளே, அந்தத் தடியன் சோறு போடுகிறானா இல்லையா என்று நெஞ்சுக்குள் ஏதோ உருகியது. உருகிய வேகத்தில் குளிரும் இறங்கியது. தூங்குகிறவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது, புரண்டு படுத்தாள், இமை அசைந்தது. தேசம்மாளுக்குப் பதறிவிட்டது. எழுந்தால் போய்விடுவாள். அவசர அவசரமாகக் கோபப்பட ஏதாவது கிடைக்கிறதா என்று மனசைத் துழாவினாள். கரண்ட் பில்லை நினைத்தாள், அண்ணன்மாரை நினைத்தாள், ரேஷன் கடைக்காரனின் மீசையை நினைத்தாள். குளிர் திரும்ப வந்தது. ஆனால் நினைத்தால் மட்டும் போதவில்லை, திட்டினால்தான் நிலைத்தது. திட்டினால் அந்தப் பெண் விழித்துக்கொள்வாள்.

ஆகவே தேசம்மாள், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, ரகசியக் குரலில் திட்ட ஆரம்பித்தாள்.

"கட்டையில போறவனே... பச்சரிசி கேட்டா கல்லு அளக்குறியே... உன் தராசு ஒடிய..." என்று காதோடு காதாக, தாலாட்டை விட மெதுவாக, கூடத்தின் நடுவில் உட்கார்ந்து அவள் முணுமுணுக்க, முப்பது பேர் மூச்சுக்கூட விடாமல் உப்பு ருசியில் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது இருமினால் அவர் பக்கம் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்து, வம்சத்தையே இழுத்தாள். அன்று மேகலா சாயங்காலம் வரை அசையாமல் தூங்கினாள். எழுந்ததும், மாமியாரைப் பார்க்காமல், வாசலைப் பார்த்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை திரும்ப வந்தாள்.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. பேச்சு கிடையாது, வருவாள், படுப்பாள், போவாள். தேசம்மாள் அவள் தலைமாட்டில் ஒரு தலையணையை, யாரோ மறந்து வைத்தது போல வைத்தாள். ஒரு தட்டில் இரண்டு இட்லியை, நாய்க்கு வைத்தது போல ஓரமாக வைத்தாள். சாயங்காலம் தட்டு காலியாக இருக்கும். ஆனால் ராத்திரி தனியாகப் படுத்திருக்கும்போது தேசம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். கத்திரி முடியப் போகிறது, மழை வரப் போகிறது. மழை வந்தால் ஊருக்கு எதற்கு அவள் குளிர்? ஊர் போனால் போகட்டும். அந்தப் பெண்ணும் போய்விடுவாளே. இப்போது வருவதுகூடத் தனக்காகவா, தன் குளிருக்காகத்தானே?

வைகாசி பிறந்து, வெயில் இன்னும் ஏறிய ஒரு முகூர்த்த நாளில், வார்டு மெம்பர் தயாளன் தன் தங்கையின் நிச்சயதார்த்தத்தை மண்டபத்தில் வைக்காமல் தேசம்மாள் வீட்டுக் கூடத்தில் வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் பட்டும் பவுடருமாக வேனில் வந்து இறங்கினார்கள். போக்சூன் ஒரு அண்டா நிறைய ஓமிஜாப் பானகம் ஊறவைத்து, பேரிக்காய்ப் பூ மிதக்க, கிண்ணம் கிண்ணமாக நீட்டி, "நீ மெதுவா குடி! அண்ணாந்து குடிக்காதே!" என்று சம்பந்தியையே மிரட்டிக்கொண்டிருந்தாள். அன்று குளிர் குறையவே கூடாது என்பதால், தயாளன் முறையை மாற்றி, யார் செய்தால் கோபம் உச்சிக்கு ஏறும் என்று ஊருக்கே தெரியுமோ அவளிடம் அந்த வேலையை ஒப்படைத்திருந்தார்.

ஷிப்ட் முடிந்து, சீருடை கலையாமல், மேகலா கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். எல்லோரும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

"இன்னிக்கு என் மொறையாம், அத்தே" என்றாள் மேகலா. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "இன்னா பண்ணா உங்களுக்குக் கோவம் வரும்னு பஸ்ல வரும்போது யோசிச்சிக்கினே வந்தேன். ஒண்ணும் தோணல. அப்போல்லாம் நான் சும்மாதானே தூங்கிக்கினு இருந்தேன்? அதுக்கே உங்களுக்கு அவ்ளோ கோவம் வந்துச்சே. அதனால தூங்கப் போறேன்."

சொன்னபடியே அவள் ஜமக்காளத்தின் ஓரத்தில், தாம்பூலத் தட்டுகளுக்குப் பக்கத்தில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கண்ணை மூடினாள்.

தேசம்மாளுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது, அறை வாங்கியது நியாயம்தான் என்றும் இருந்தது. தயாளன் பின்னாலிருந்து, "யக்கா, திட்டுக்கா, திட்டு, சம்பந்திக்கு வேர்க்குது" என்று கையைப் பிசைந்தார். தேசம்மாள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தெரிந்ததையெல்லாம் திரட்டி, வாயைத் திறந்தாள்.

"மூதேவி! சனியனே! பொழுது விடிஞ்சா படுக்கையைத் தேடுற சோம்பேறி! உன்ன எந்த நேரத்துல இந்த ஊட்டுக்குக் கூட்டியாந்தேனோ..."

சம்பந்தியம்மாள் சட்டென்று கிண்ணத்தை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "தேன் ரொம்பத் தூக்கலா இருக்கே" என்றாள். பக்கத்தில் இருந்தவர் உதட்டை நக்கிக்கொண்டு ஆமாம் என்றார். மாப்பிள்ளை, கிண்ணமே வாங்காதவன், அவனும் உதட்டை நக்கினான். போக்சூன் அண்டாவில் ஸ்பூனை விட்டு ருசி பார்த்து, முகத்தைச் சுளித்தாள்.

"நான் இதுல தேன் போடவே மறந்துட்டேன்" என்றாள்.

தேசம்மாள் நிறுத்தவில்லை. "தெருவுக்கு ஆகாதவளே, வாய் செத்தவளே, கேட்டா ஒரு பதில் சொல்லாம பாயைச் சுருட்டிக்கினு போனியே கல் நெஞ்சக்காரி" என்று அவள் அடுக்க அடுக்க, இனிப்பு ஏறிக்கொண்டே போனது. பாகாக ஏறியது, பல்லில் ஒட்டியது, வேதாசலத்துக்கு வந்த இனிப்பெல்லாம் இதற்கு முன்னால் வெறும் தண்ணீர் என்று ஆனது. வாசற்படியிலிருந்து கட்டெறும்பு ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஒரு சாரை, நேராகத் தேசம்மாளை நோக்கி வந்தது. முதலில் கஸ்தூரிதான் சிரித்தாள். அப்புறம் வாத்தியார். அப்புறம் கூடமே குலுங்கியது. சர்க்கரை வியாதிக்காரர்கள் சிரித்துக்கொண்டே வெளியே ஓடினார்கள்.

"இன்னா சிரிப்பு? எதுக்குடி சிரிக்கிறீங்கோ?" என்று தேசம்மாள் திகைத்தாள்.

"நீ அந்தப் பொண்ணத் திட்டுனா வாயெல்லாம் இனிக்குதுக்கா" என்று கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "மனசுல கீறதுதான் ருசியா வருது. இவ்ளோ நாளா ஊருக்கே தெரியும், உனக்குத்தான் தெரியாது."

தேசம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறைத்து வைத்திருந்ததை ஊரே நக்கிப் பார்த்துவிட்டது. இனிமேல் யாரை நம்பிக் கோபப்படுவது? தேடிப் பார்த்தாள். ரேஷன் கடைக்காரனை நினைத்தாள், பாவம், அவனுக்கும் மூன்று பெண்கள். அண்ணன்மாரை நினைத்தாள், அதுகளும் கிழடு தட்டிப் போய்விட்டன. எங்கேயும் ஒரு துளி கோபம் இல்லை. கூடத்திலிருந்து குளிர் எழுந்து, வந்த விருந்தாளி விடைபெறுவது போல, வாசல் வழியாக வெளியே போனது. அலமாரியில் தேங்காய் எண்ணெய் இளகிக் கண்ணாடியாயிற்று. அந்த நேரம் பார்த்து மின்சாரமும் நின்றது.

நிச்சயதார்த்தத்தைக் கால் மணி நேரத்தில் முடித்தார்கள். சம்பந்தியம்மாளின் பவுடர் கழுத்துக்கு இறங்கியிருந்தது. வேன் போனது. கெஞ்சிப் பார்த்தும், ஆட்டைக் கொண்டுவந்து காட்டியும் பலனில்லாமல் தயாளன் போனார். பூக்காரி கூடையை எடுத்துக்கொண்டாள், போட்டோவுக்கு எதிரே படுத்தவர் பாயைச் சுருட்டினார், கஸ்தூரிகூட, "சாயங்காலம் வரேன்க்கா" என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு போனாள். போக்சூன் காலி அண்டாவை எடுத்துக்கொண்டு, மாடிப்படியில் செருப்பைக் கையில் பிடித்தபடி சத்தமில்லாமல் ஏறினாள்.

கூடத்தில் அனல் இறங்கியது. மேகலா இத்தனை கூத்திலும் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தாள். இப்போது கழுத்தெல்லாம் வியர்த்து, முகம் சிணுங்கி, கண்ணைத் திறந்தாள்.

"குளிரு போச்சா அத்தே?"

"போச்சு" என்றாள் தேசம்மாள். "இனிமே வராது."

மேகலா எழுந்து உட்கார்ந்து, முடியை அள்ளிக் கட்டினாள். அந்த முடிச்சைப் போட்டதும் எழுந்துவிடுவாள், எழுந்தால் வாசல், வாசலுக்கு அப்பால் இரண்டு தெரு.

"போவாத" என்றாள் தேசம்மாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை. "ஊட்டுல குளிரு இல்ல, கரண்டு இல்ல, ஒண்ணும் இல்ல. வெந்துதான் சாவணும். இருந்தாலும் போவாத. எனக்குத் திட்டத் தெரியும்மா, கூப்புடத் தெரியாது. ஒரு வருஷமா வாயில வரல. நீ படுத்துக்கினு இருந்தா எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. அப்பவும் இல்ல. ராவெல்லாம் நீ அங்க நிக்கிற, நான் இங்க சும்மா படுத்துக்கினு கெடக்கேனேன்னு இருந்துச்சு, அத எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம பாத்திரத்த உருட்டினேன்."

மேகலா அவளைப் பார்த்தாள். பிறகு கட்டின முடியை அவிழ்த்துவிட்டு, ஜன்னல் பக்கமாக நகர்ந்து, தரை கொஞ்சம் குளுமையாக இருந்த இடத்தில் திரும்ப ஒருக்களித்துப் படுத்தாள்.

"அஞ்சு மணிக்கு எழுப்புங்க" என்றாள். "ஏழு மணிக்கு ஷிப்ட். போற வழியில அவரண்ட சாமானெல்லாம் கட்டச் சொல்லிட்டுப் போறேன்."

தேசம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள். அவளுக்கும் வியர்வை ஊற்றியது, கண்ணிலும் ஊற்றியது, இரண்டையும் சேர்த்தே துடைத்துக்கொண்டாள். மூச்சு சீராகி அந்தப் பெண் தூங்கிய அந்தச் சமயத்தில்தான், தெருமுனையில் தக்காளி ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியை அலறவிட்டுக்கொண்டு திரும்பியது. தேசம்மாள் கொண்டையை முடிந்துகொண்டு, செருப்பில்லாமல், கொதிக்கிற தார்ச்சாலையில் ஓடிப்போய் ஆட்டோவை மறித்தாள். அந்த ஆளின் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், அவன் பிறப்பையும் வளர்ப்பையும் அவன் தக்காளியின் யோக்கியதையையும் ஒன்று விடாமல், காற்றுக்கூடக் கேட்காத ரகசியக் குரலில் சொல்லி முடித்தாள். ஊரில் எத்தனையோ பேர் கத்திக் கேட்டிருக்கிறான் அவன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ஒலிபெருக்கியை அணைத்தான், இன்ஜினையும் அணைத்தான், இறங்கி, அந்த வீட்டைத் தாண்டித் தெருக்கோடி வரைக்கும் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே போனான்.